மிதித்த மணல்

தலத்தெரு சிவபாலனுக்கு ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வரத் தெரியாது. அது நல்ல குணம் என்றுதான் காரைக்காலில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் கடைக்கால் எழுப்பியதும் உள்ளே மணல் நிரப்புவார்களே, அதுதான் அவன் தொழில். நிரப்புவது என்றால் வண்டியிலிருந்து கொட்டிவிட்டுப் போவதில்லை. அரை அடி மணல் விழுந்ததும் தண்ணீர் விட வேண்டும். ஆட்கள் வரிசை கட்டி நின்று மூலைக்கு மூலை மிதிக்க வேண்டும். அப்புறம் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த அரை அடி. இதில் ஒன்றைத் தவிர்த்தாலும் இரண்டாம் வருஷம் தரை விரிசல் விட்டு, வீட்டுக்காரன் தெருவில் நின்று பெயர் சொல்லித் திட்டுவான். சிவபாலனைப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒருத்தனும் திட்டியதில்லை. அந்த மிதப்பு அவனுக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அவன் மனைவி வெண்மதி வேறு மாதிரி. பாலிடெக்னிக் படித்து, கல்யாணமாகி, பதினோரு வருஷம் கழித்துப் புத்தி வந்தவளைப் போல மறுபடியும் படிக்கப் போனவள். இப்போது திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், "நெலநடுக்கம் வந்தா ஈர மணல் செத்த நேரம் தண்ணியாயிடும். மேல இருக்கற வீடு சாஞ்சிடும். எவ்வளவு ஆட்டத்துக்கு அப்படி ஆவும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுச் சொல்றாங்க. அந்தக் கணக்கு சரியா வருதான்னு பாக்கறேன்," என்பாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, சிவபாலனிடம் வந்து, மணல் எப்படிய்யா தண்ணியாவும் என்று தனியாக விசாரிப்பார்கள். அவன், "ஆவுமாம்," என்பான். அவனுக்கும் அதற்கு மேல் தெரியாது.

கணக்கு சரியா என்று பார்க்கக் கல்லூரியின் தகரக் கொட்டகையில் ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே ரப்பர் விரித்த தொட்டி. ஆள் மார்பு உயரம், இரண்டு கட்டில் நீளம். கீழே சக்கரம் வைத்த மேடை. பின்னாலிருந்து ஒரு இரும்புக் கை அந்த மேடையைத் தள்ளி இழுக்கும். ஒரு வினாடிக்கு ஒரு ஆட்டம், மொத்தம் முப்பது. காரைக்கால்மேட்டில் வலை உலர்த்துகிற இடத்துக்கு வடக்கேயிருந்து மணலை அள்ளிவந்து, அலசி, காயவைத்து இந்தத் தொட்டியில் நிரப்ப வேண்டும். நடுவில் ஒரு கான்கிரீட் கட்டை வைக்க வேண்டும், அதுதான் வீடு. எத்தனையாவது ஆட்டத்தில் மணல் தண்ணீராகும், வீடு சாயும் என்று ஐந்து ஆராய்ச்சிக் குழுக்கள் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்று வெண்மதியுடையது.

நிரப்புகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது, வீட்டிலேயே ஒருத்தர் இருக்கும்போது எதற்கு வெளியே தேட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். சிவபாலனும் அவன் ஆட்களும் வந்தார்கள். சொர்ணாம்பாள், கமலாம்பாள், பூங்கொடி, முத்தமிழ். தொட்டியில் தண்ணீர் விட்டு, மேலே சங்கிலியில் தொங்கும் சல்லடைப் பெட்டியில் மணலைக் கொட்டி, முன்னும் பின்னும் ஆட்டித் தூவ வேண்டும். அடியில் புதைத்த அளவுக் கருவிகளின் வயர்கள் ஒரு மூலை வழியாக மேலே வந்தன. மூன்று நாள் வெண்மதி பக்கத்திலேயே நின்றாள். நான்காம் நாள், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஒரு கருவியை வாங்கிவரச் சென்னைக்குப் போகும்படி ஆயிற்று. போகும்போது, "தூவுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். வயர் போற மூலையில மட்டும் யாரும் கால் வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். மேல் ஒன்றரை அடி பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு அவள் திரும்பி வந்தபோது சிவபாலன் சங்கரா மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தான். அவள் சாப்பிட்ட கையோடு தூங்கிப் போனாள். தன் வேலையைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. காலையில் அவளே கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தான்.

சனிக்கிழமை காலை கோட்டுச்சேரி தாண்டி பைக் கிழக்கே திரும்பியதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை, எதிரே கடல் காற்று, பின்னால் மனைவி மடியில் கருவிப் பெட்டி. மனிதன் பேசாமல் எப்படி வருவான்?

"மதி, இன்னிக்கு ஒன் தொட்டியைப் பாரு. அப்படி ஒரு வேலை."

"நெரம்பிடுச்சுல்ல. அது போதும்."

"நெரம்புறது என்னா பெரிய காரியம். சொர்ணாம்பா அக்கா மேல ஏறி நின்னு கும்மி அடிச்சாலும் கால் பதியாது. அப்படி இறுக்கி வெச்சிருக்கோம்."

காற்றில் அவள் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னான். "அரை அடிக்கு ஒரு தடவை மிதிச்சோம். திமிசு போட்டோம். ரெண்டு நாளும் இடுப்பு ஒடிஞ்சு போச்சு போ."

"வண்டிய நிறுத்துங்க."

குரலைக் கேட்டு, பெட்டிதான் நழுவிவிட்டது போல என்று பதறி நிறுத்தினான். அவள் இறங்கிப் பெட்டியை மதகுக் கட்டையில் வைத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்தாள்.

"மிதிச்சீங்களா?"

"பின்ன? எங்களுக்குச் செரமம் வேணாம்னு நீ அப்படிச் சொல்லிட்டுப் போயிட்ட. அதுக்காக விட்டுட முடியுமா? மொத நாளு சொர்ணாம்பா அக்கா கால் முட்டி வரைக்கும் பொதக்குன்னு உள்ள போயிடுச்சு. நாளைக்கு ஆளுங்க வந்து பாத்தா, பொண்டாட்டி வேலையிலயே ஒப்பேத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"நான் என்ன சொன்னேன்?"

"தூவுங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்னு."

"அப்புறம்?"

"வயர் மூலையில கால் வைக்காதீங்கன்னு. அங்க வெக்கல மதி. சத்தியமா வெக்கல."

வெண்மதி தலையில் கைவைத்தபடி மதகுக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கூடை நாற்றோடு போன இரண்டு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"பொதபொதன்னு இருக்கணும்ங்க. அதுக்குத்தான் தூவச் சொன்னேன். லூசா இருக்கற மணல்தான் ஆட்டினா தண்ணியாவும். இந்த மண்ணு இவ்வளவு லூசு, இதுல என்னா நடக்கும்னுதான் அஞ்சு பேரும் கணக்கு போட்டிருக்காங்க. நீங்க இறுக்கிட்டா அது வேற மண்ணுங்க. அவங்க கணக்கு ஒண்ணு, தொட்டி ஒண்ணு."

பதினெட்டு வருஷமாக எது பெருமையோ அதுவே வந்து கழுத்தில் கத்தி வைக்கும் என்று யார் கண்டார்கள்? ஆராய்ச்சியைச் சமர்ப்பிக்க அவளுக்கு இருந்தது இரண்டே மாதம். தொட்டியைக் கொட்டி மறுபடி நிரப்ப ஒரு வாரம் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை வேறொரு குழு அதை எடுத்துக்கொள்கிறது. மறுபடி இவள் முறை வர ஆறு மாதம் ஆகும். இன்றைக்குச் சோதனை நடக்கவில்லை என்றால் நான்கு வருஷப் படிப்பு போயிற்று. இதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். தினம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்ட கதைதான்.

"யாருக்குத் தெரியப் போவுது மதி," என்றான் மெதுவாக. "நாங்க அஞ்சு பேருதான். செத்தாலும் வாயைத் தொறக்க மாட்டோம்."

"ஆட்டுனா யாரோட எண்ணும் பொருந்தாது. அஞ்சு மாடலும் தப்புன்னு எழுதுவாங்க. அந்தப் பொய்யி எம் பேர்ல நிக்கும். அதை வெச்சு நாளைக்கு ஒருத்தன் வீடு கட்டுவான்." முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "ஏன் லூசா இருக்கணும்னு நான் ஒங்ககிட்ட சொல்லவே இல்லல்ல?"

"இல்ல."

"மூணு நாள் பக்கத்துலயே நின்னேன். சொல்லணும்னு தோணவே இல்ல பாருங்க." எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க. சார்கிட்ட சொல்லணும்."

சார் என்றால் மதியழகன், அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே அவர் கோபம் பயமாக இருக்கும். வெண்மதி சொன்னதைக் கேட்டுவிட்டு, கவிழ்ந்து கிடந்த, மணல் சுமக்கும் பாண்டுச் சட்டி ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"பதினோரு டன்னும்மா," என்றார்.

"தெரியும் சார்."

"ஒங்க வீட்டுக்காரர்."

"ஆமா சார்."

சிவபாலன் சுவரோரம் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் ஆட்கள் நால்வரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கொட்டகைக்கு ஒரு குழுவிலிருந்து நேரிலேயே வந்திருந்தாள் ஆஃப்ரின். காரைக்கால் பெண்தான், வெளியூரில் ஆராய்ச்சி. பாக்கி மூன்று குழுவும் சுவரில் மாட்டிய திரையில் முகம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெண்மதி அந்தத் திரைக்கு நேரே போய் நின்று, கை கட்டாமல், கண் தாழ்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எப்படித் தூவச் சொன்னாள், எப்படி மிதித்தார்கள், எவ்வளவு உயரத்துக்கு.

திரையிலிருந்த ஒருவர் எரிச்சலோடு, "வேலையாளுங்க பண்ணின தப்புக்கு நாங்க என்னம்மா செய்ய முடியும்? ரத்து பண்ணிடுங்க," என்றார்.

"தப்பு அவங்களோடது இல்ல சார். என்னோடது. ஏன்னு சொல்லாம என்னா செய்யணும்னு மட்டும் சொன்னவ நான்." அவள் மூச்சு வாங்கினாள். "ரத்து பண்ண வேணாம். கம்பி எறக்கி மண்ணை அளக்கலாம். மேல எவ்வளவு இறுக்கம், கீழ எவ்வளவு லூசுன்னு தெரிஞ்சிடும். அந்த விவரத்தை எல்லாருக்கும் கொடுத்துடறேன். மூணு மணி நேரம். மறுபடி கணக்கு போட்டு அனுப்புங்க. மூணு மணிக்கு ஆட்டுவோம். ஊர்ல எந்தக் கொல்லையில சார் மண்ணு ஒரே மாதிரி இருக்கு? நெசத்துல இருக்கற மண்ணுல சொல்ல முடியலைன்னா அந்தக் கணக்கு எதுக்கு?"

கொட்டகையில் தகரத்தின்மேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. சிவபாலன் தன் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லவே பத்து நிமிஷம் யோசிக்கிறவள் இவள்.

"நான் போடறேன் சார்," என்று ஆஃப்ரின் மடிக்கணினியைத் திறந்தாள். ஒருத்தி சம்மதித்துவிட்டால் மற்றவர்கள் பின்வாங்க முடியுமா? திரையில் ஒவ்வொரு தலையாக அசைந்தது. எரிச்சல்பட்டவரும் கடைசியில் சரி என்றார். மதியழகன் பாண்டுச் சட்டியை விட்டு எழுந்தார்.

அதன்பிறகு அங்கே யாரும் நிதானமாக நடக்கவில்லை. முத்தமிழும் சிவபாலனும் தொட்டியின் இரண்டு பக்கமும் பலகை போட்டு ஏறினார்கள். கூர்முனை வைத்த கம்பியைப் பேராசிரியர் சொன்ன இடங்களில் அழுத்தி இறக்கினார்கள். மேலே கம்பி இறங்கவே அடம்பிடித்தது. முத்தமிழ் பல்லைக் கடித்து அழுத்த வேண்டியிருந்தது. ஒன்றரை அடி தாண்டியதும் வெண்ணெயில் இறங்குவது போலச் சரசரவென்று போயிற்று. ஒவ்வொரு சாணுக்கும் வெண்மதி எண்ணைப் படித்துச் சொன்னாள், ஆஃப்ரின் எழுதினாள்.

"அடேயப்பா, மிதிச்சு வெச்சிருக்கீங்களே," என்றார் மதியழகன், தன்னை மறந்து. சிவபாலனுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கம்பி சொன்னது போதாது என்று பேராசிரியர் விசாரணை வைத்தார். எத்தனை பேர் மிதித்தார்கள், எத்தனை நேரம், ஒவ்வொருத்தரும் எவ்வளவு எடை.

எடை என்றதும் சொர்ணாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதெல்லாம் சொல்ற பழக்கம் இல்லீங்க சார். வேணும்னா எத்தனை மிதி மிதிச்சேன்னு கேளுங்க, சொல்றேன்."

"சும்மா ஏறும்மா. மணல் நிறுத்த தராசுதான்."

"அதுதான் சார் எனக்குக் கொறை. மணலோட மணலா என்னை நிறுக்கறீங்களே."

"அக்கா ஏறுங்க," என்று பூங்கொடி பின்னாலிருந்து தள்ளினாள். "புரட்டாசி மாசம் மீன் திங்கறதில்லை, எளைச்சிட்டேன் எளைச்சிட்டேன்னு சொன்னீங்கள்ல. எளைச்சது எவ்வளவுன்னு பாப்போம்."

தராசின் முள் எண்பத்தாறில் நின்றது. கமலாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொர்ணாம்பாள் இறங்கி, "எழுதிக்குங்க, எழுதிக்குங்க. இந்த எண்பத்தாறாலதான் ஒங்க தொட்டி உருப்படியா நிக்குது," என்றாள். பேராசிரியர் சிரித்தேவிட்டார். காலையிலிருந்து அந்தக் கொட்டகையில் விழுந்த முதல் சிரிப்பு அது.

"வரிசை போட்டு மிதிச்சோம் சார்," என்று சிவபாலன் விளக்கினான். "தெக்கேருந்து வடக்க போயி, திரும்பி வந்து. அப்புறம் திமிசு. அந்த வயர் மூலையில மட்டும் கால் வைக்கல, திமிசும் போடல."

"அது சின்ன எடம், விடுங்க," என்றாள் வெண்மதி, எழுதுகிற வேகத்தில் நிமிராமல். "திமிசு எத்தனை இடி போட்டீங்க, அதைச் சொல்லுங்க."

அவன் அதைச் சொன்னான். ஆஃப்ரின் மட்டும் பேனாவை நிறுத்தி, "எவ்வளவு எடம்ண்ணே?" என்று கேட்டாள். "ரெண்டு மொறம் அகலம் இருக்கும்மா," என்று கையை விரித்துக் காட்டினான். அவள் எழுந்துபோய் அந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணி நேரம் ஓடியது தெரியவில்லை. சொர்ணாம்பாள் கொண்டுவந்திருந்த புளியோதரையை ஆளுக்குக் கொஞ்சமாக இலையில் வைத்துக் கொடுத்தாள். ஆஃப்ரின் இடது கையால் தட்டச்சு செய்துகொண்டே வலது கையால் சாப்பிட்டாள். வெண்மதி சாப்பிடவே இல்லை. திரையைப் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், எண்ணை மாற்றுவாள், மறுபடி ஓடவிடுவாள். சிவபாலன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டு, அவன் யாரென்றே தெரியாதவளைப் போலத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டே முக்காலுக்கு ஐந்து எண்களும் கரும்பலகையில் ஏறின. வெண்மதி பதினேழு. ஆஃப்ரின் பதினொன்று. திரையிலிருந்த மூன்று பேரில் ஒருவர் பதினைந்து, ஒருவர் இருபது. எரிச்சல்பட்டவர் சாயவே சாயாது என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"அவருதான் வெவரம் தெரிஞ்ச ஆளு," என்றாள் சொர்ணாம்பாள். "நாங்க மிதிச்ச மணல் சாயவாவது."

அங்கேதான் சிவபாலனுக்குச் சிக்கல். சாயாமல் நின்றால் அவன் வேலைக்குக் கௌரவம். பதினேழில் சாய்ந்தால் அவன் மனைவிக்கு. எந்தக் கட்சியில் நிற்பது? கான்கிரீட் கட்டையைச் சங்கிலியில் இறக்கி நடுவில் வைக்கும்போது, பதினேழு, பதினேழு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வைத்தான்.

எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மதியழகன் தலையசைத்தார். ஆஃப்ரின் முணுமுணுவென்று பிஸ்மி சொல்வது கேட்டது. வெண்மதி பொத்தானை அழுத்தினாள்.

இரும்புக் கை தள்ளியது. தொட்டி முழுசும் ஒரு சாண் போய் ஒரு சாண் வந்தது.

"லாபம்," என்றாள் சொர்ணாம்பாள். களத்தில் நெல் அளக்கிற ஞாபகத்தில் தானாக வந்துவிட்டது. ஒன்று என்று அவர்கள் எண்ணுவதில்லை. உடனே மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு. மூணு. நாலு."

மேடை தடதடத்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கட்டை அசையவில்லை. வெண்மதியின் கண் திரையில் ஏறுகிற கோடுகள்மேல். அடியிலிருக்கிற மணலில் தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற அந்தக் கோடும் ஏறும். மேலே சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே போட்டிருந்தது. அதைத் தொட்டால் மணல் மணலில்லை.

"ஏழு. எட்டு." சொர்ணாம்பாளின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. முத்தமிழும் சேர்ந்துவிட்டான். பேராசிரியரும் வாய்க்குள் எண்ணுகிறார் என்பது உதட்டில் தெரிந்தது. "ஒம்போது."

கோடு சிவப்பைத் தொட்டது.

"பத்து."

வயர் மூலையில் மணல் ஒருமுறை குமிழிட்டது. அப்புறம் ஒரு முழ உயரத்துக்குச் சாம்பல் தண்ணீர் பீச்சிக்கொண்டு எழும்பியது. இறுகிக் கிடந்த மேல்மணல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளிலிருந்து சேறு கொப்பளித்தது. கட்டை ஒரு கணம் யோசிப்பதைப் போல நின்றுவிட்டு, மூலையைப் பார்த்துச் சரிந்து, பாதி புதைந்தது. எண்பத்தாறு கிலோவுக்குக் கால் பதியாத மணல் அது. சிவபாலனின் கண் முன்னால் கஞ்சியாகிக் கிடந்தது.

"மணல் தண்ணியாயிடுச்சுடி," என்று கமலாம்பாள் பூங்கொடியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பூங்கொடி கைதட்டினாள். திரையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சொர்ணாம்பாள் எண்ணுவதை நிறுத்தவே இல்லை, முப்பது வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் ஓய்ந்தாள். இயந்திரம் நின்றது. மூலையில் மட்டும் தண்ணீர் இன்னும் முணுமுணுத்து வழிந்தது.

சிவபாலன் கரும்பலகையைப் பார்த்தான். பதினேழு. அதற்குக் கீழே பதினொன்று. நடந்தது பத்து. இதற்கு எதற்குக் கணக்குத் தெரிய வேண்டும்? நான்கு வருஷம் கண்விழித்துப் படித்தவளை ஒரே நாளில் தோற்கடித்தாயிற்று. யாரும் பார்க்காமல் பின்பக்கக் கதவு வழியாக வெளியே போய், குழாயடியில் வேண்டுமென்றே நீண்ட நேரம் கால் கழுவிக்கொண்டிருந்தான். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"என்னங்க." வெண்மதி ஓடிவந்தாள். முந்தானையெல்லாம் சேறு. "எங்க போயிட்டீங்க?"

"ஏழு தப்பாச்சே மதி."

"ஆமா, ஏழு தப்பு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணிலும் தண்ணீர். "மாடல் சரிங்க. ஆஃப்ரின்கிட்ட இருக்கறதும் இதே மாதிரி மாடல்தான். அவ அந்த வயர் மூலையை லூசுன்னு போட்டிருந்தா, அதான் ஒண்ணே ஒண்ணுல தப்புனா. நான் மேல முழுக்க ஒரே இறுக்கம்னு போட்டுட்டேன். இப்பவே உள்ள ஒக்காந்து அந்த மூலையைச் சேத்து ஓடவிட்டேன். பத்து வருதுங்க. சுளையா பத்து."

"அப்ப..."

"சாரு சொல்லிட்டாரு. இதையே எழுது, இதுதான் ஆராய்ச்சின்னு. திரையில இருந்தவரு, சாயாதுன்னாரே, அவரே விவரம் முழுசா அனுப்புங்கன்னு கேக்கறாரு. ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்." அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மூலையைச் சொன்னீங்க. நான்தான் காது கொடுக்கல. விடுங்கன்னு சொன்னேன்."

அவன் மறுகையால் குழாயை மூடினான்.

வெண்மதி கூரைக்கு அடியில் கிடந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பக்கத்து மூட்டையைக் கையால் தட்டி அவனையும் உட்காரச் சொன்னாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க. நான் பஸ் ஏறினதுலேருந்து. ஒண்ணு விடாம."

"வியாழக்கெழம காலையில ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சோம்," என்று தொடங்கினான் சிவபாலன். முதல் அரை அடி, தண்ணீர், வரிசை, யார் முன்னால் யார் பின்னால். அவள் தலை நிமிராமல் எழுதினாள், ஆனால் இந்த முறை எதையும் விடவில்லை. "பதினோரு மணிக்கு சொர்ணாம்பா அக்கா டீ குடிக்க எறங்குனாங்க. அதெல்லாம் எழுதணுமா மதி?"

"எழுதணும்," என்றாள் வெண்மதி. "எந்தப் பக்கமா எறங்குனாங்க?"